பால்ராஜ் வண்டியின் முதுகு

“டிக்.”

அவ்வளவுதான். சாவியைத் திருப்பியதற்கு வண்டி சொன்ன பதில் அது ஒன்றுதான். பால்ராஜ் இன்னொரு தடவை திருப்பினான். இந்த முறை அதுவும் இல்லை. டாஷ்போர்டில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்து, வந்த வழியே போய்விட்டது.

“போச்சா?” என்று வெளியிலிருந்து பிலோமினா கேட்டாள். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே கேட்டாள்.

“போச்சு. நேத்து சாயங்காலம் இன்னா ஜோரா ஓடிச்சு தெரியுமா? ஒரே ராத்திரில அம்மாங் கரண்டும் எங்க போவும்? ஆச்சரியமா கீது பிலோ.”

“உனக்கு எதுதான்யா ஆச்சரியமா இல்ல?”

நியாயமான கேள்விதான். ஆச்சரியப்படுவது பால்ராஜுக்கு ஒரு வியாதி. நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் மீஞ்சூர் ரயில்வே கேட் இறங்கும்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். வருஷா வருஷம் வருகிற பூநாரைக் கூட்டம்தான், இருந்தாலும் ஏரியில் அது இறங்கினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு “யப்பா!” என்பான். படகில் போய்க்கொண்டிருந்தவன் பிக்கப் வண்டிக்காரன் ஆனதும் அந்த வியாதியால்தான். மலை மாதிரி ஐஸ் ஏற்றிய ஒரு பிக்கப், மேம்பாலத்தில் சொகுசாக ஏறிப் போனதை ஒரு நாள் பார்த்துவிட்டான். அன்றைக்கே கடல் அவனை இழந்தது. கடல் ஒன்றும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கோட்டைக்குப்பத்துப் படகுகள் ராத்திரியில் கடலுக்குப் போய், விடிவதற்கு முன்பே முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து கரை சேரும். சேர்ந்ததும் நண்டும் இறாலும் நேராகப் பால்ராஜ் வண்டிக்கு வரும். அதற்காக அவன் முந்தைய சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து, முதுகைத் தண்ணீர்ப் பக்கமும் மூக்கை வீட்டுப் பக்கமுமாகக் கரைச் சரிவில் நிறுத்திவிடுவான். ஹேண்ட் பிரேக் கம்பி ஐப்பசி மழையில் துருப்பிடித்து அறுந்துபோனது. அன்றிலிருந்து ஓர் உடைந்த துடுப்பைப் பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு இறங்குவான். வண்டி இம்மியும் அசையாது. படகைக் கரையில் நிறுத்தத் தெரிந்தவனுக்கு வண்டியை நிறுத்தத் தெரியாதா என்று அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“தள்ளுங்கடா!”

இது மாணிக்கம். குப்பத்தில் மூத்த படகுக்காரர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நம்புகிறவர். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்த பதினைந்து ஆட்கள், ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வண்டிக்குப் பின்னால் வந்து தோள் கொடுத்தார்கள்.

“ஐலசா!”

“ஐலசா!”

சரிவில் ஏறி, மேட்டைத் தாண்டி, தார் ரோட்டைத் தொட்ட பிறகுதான் வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. மாணிக்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து, வண்டியின் பின்பக்கத்தை இரண்டு ஓரத்திலும் துடைத்துவிட்டுப் போனார். இது தினமும் நடப்பது. சுத்தமான மனுஷர், கை பட்ட இடத்தைத் துடைக்கிறார் என்று பால்ராஜ் அதற்கும் ஆச்சரியப்பட்டு வைத்திருந்தான்.

ஆனால் அன்றைக்கு ஆச்சரியம் சோறு போடவில்லை. ஏற்றுமதிக் கம்பெனியின் கேட் ஏழு மணிக்கு மூடும். பால்ராஜ் போய்ச் சேர்ந்தது ஏழு பத்துக்கு.

“பால்ராஜ் அண்ணா, இது மொதல் தடவைன்னு எழுதிக்கிறேன்” என்றாள் சூப்பர்வைசர் வித்யா. நல்ல பெண். ஆனால் கையில் எப்போதும் பேனா. “மூணாவது தடவை ஆச்சுன்னா இந்த லோடு சிவசங்கர் வண்டிக்குப் போயிடும். மேல சொல்லிட்டாங்க.”

சிவசங்கரின் வண்டியைப் பால்ராஜ் பார்த்திருக்கிறான். புது வண்டி. கைப்பிடியில்கூட பிளாஸ்டிக் உறை கழற்றாத வண்டி. அந்த லோடு போனால் பால்ராஜுக்குப் பிழைப்பே போன மாதிரி. திரும்பப் படகேற வேண்டியதுதான், அதுவும் மச்சான் மனோஜுக்குக் கீழே கூலியாளாக.

“பேட்டரிக்கு வயசாயிடுச்சு” என்று தீர்ப்புச் சொல்லி, பொன்னேரிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினான். பழையதைவிடப் பெரியது. இருவர் தூக்கினால்தான் அசைந்தது. கடைக்காரன், “இத வெச்சு லாரியே ஓட்டலாம்” என்றான்.

மறுநாள் காலை: “டிக்.”

பால்ராஜ் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் பக்கம் நிழல் தட்டியது. மாணிக்கம். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை நண்டு, கொடுக்கைக் கட்டி வைத்திருந்தார்.

“பேட்டரி பெருசா மாத்தினியாமே?”

“ஆமா பெரியவரே. அதுவும் பூட்ச்சு.”

“நேத்து ஷோக்கா இருந்துச்சு. நல்லா இரு நைனா.” நண்டை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது வார்த்தை! பால்ராஜ் எண்ணிப் பார்த்தான். நேற்று ஷோக்காக இருந்தது என்றால் பாடு நன்றாக இருந்தது, வலை நிறைய மீன் விழுந்தது என்றுதானே அர்த்தம்? ஆனால் அதற்கும் தன் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம், தனக்கு எதற்கு நண்டு என்று விளங்கவில்லை.

“உன்னப் பாத்தா பாவமா கீதோ இன்னாவோ” என்றாள் பிலோமினா, நண்டை வாங்கிக்கொண்டு.

அதுதான் காரணமாக இருக்க வேண்டும். கொஞ்ச நாளாகவே ஊர் அவனிடம் ஒரு மாதிரித்தான் நடந்துகொண்டது. படகுக்காரர்கள் எதிரே வந்தால் பீடியை மறைத்தார்கள். டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். செத்த வண்டிக்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் மனோஜை மடக்கிக் கேட்டே விட்டான்.

“இன்னாடா மச்சான், தெனம் தள்ள வெக்கறேனே, உங்க ஆளுங்க என்னப் பத்தி இன்னா பேசிக்கறாங்க?”

மனோஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். “வேணாம் மாமா. நீயும் ஒண்ணும் சொல்லாத, நாங்களும் ஒண்ணும் சொல்லல. பெரியவரு வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாரு. ஊட்டுல பொம்பளைங்க கிட்டகூட.”

தன் மானத்தைக் காப்பாற்ற ஓர் ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறதா! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே பதினைந்து வாய் மூடியிருக்கிறது. இவர்களுக்காகவாவது வண்டியைச் சரிபண்ண வேண்டும் என்று முடிவு கட்டினான்.

அடுத்த சந்தேகம் பாட்டுப் பெட்டி மேல் விழுந்தது. கழற்றினான். அடுத்து உள்கூரை பல்பு. பிடுங்கினான். பிறகு ஹார்ன். உப்புக் காற்றில் ஹார்ன் ஒயர் கசிந்து கரண்ட் ஒழுகும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவர் வாழ்நாளில் சைக்கிள் மட்டுமே வைத்திருந்தவர். ஆனாலும் உறுதியாகச் சொன்னார். ஹார்னையும் கழற்றினான்.

மறுநாள் காலை: “டிக்.” பிறகு “ஐலசா!” பிறகு துண்டு.

அன்றைக்குப் பொன்னேரி ரோட்டில் முப்பது எருமைகள் நடுரோட்டில் நின்றன. ஹார்ன் இல்லாத பால்ராஜ் தலையை வெளியே நீட்டி, “பாம்! பாம்!” என்று கத்தினான். எருமைகள் அவனை நிதானமாகப் பார்த்தன. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர், “யோவ், வண்டிய இன்ஜின்ல ஓட்டறியா, வாயில ஓட்டறியா?” என்று கேட்டான். பஸ் ஹார்ன் அடித்த பிறகுதான் எருமைகள் சபையைக் கலைத்தன.

வித்யா பேனாவை எடுத்தாள். “ரெண்டு.”

சனிக்கிழமை ராத்திரி யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஞாயிறு பூசை. அந்த ஓய்வைப் பயன்படுத்தி, சனிக்கிழமை மத்தியானமே வண்டியைப் பொன்னேரியில் ஜெபசெல்வியிடம் கொண்டுபோனான். வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற பெண். புருஷன் வைத்த கடையை, புருஷன் துபாய் போனபின் அவனைவிட நன்றாக நடத்துகிறவள். சேலை முந்தானையை இழுத்துச் செருகி, மீட்டரைக் கையில் எடுத்தால் லாரி டிரைவர்களே பேச்சை நிறுத்துவார்கள்.

“எதையாவது ஆன்ல வுட்டுட்டு எறங்கறீங்களாண்ணே? லைட்டு, ஃபேனு?”

“மாதா மேல சத்தியமா இல்லம்மா. சாவிய எடுத்துகினு கீழ எறங்கிடுவேன்.”

அவள் பேட்டரி ஒயரைக் கழற்றி, நடுவே மீட்டரை மாட்டினாள். “வண்டி தூங்கும்போது எம்மாங் கரண்டு குடிக்குதுன்னு இது சொல்லும். பாருங்க.”

மீட்டரில் எண்கள் ஓடி, தள்ளாடி, அடங்கின. தூங்குகிற வண்டி கரண்ட் குடிக்கிறது, அதை ஒரு டப்பா அளந்து சொல்கிறது! பால்ராஜ் கைகட்டி நின்றான். சர்ச்சில்கூட அவ்வளவு பக்தியாக நின்றதில்லை.

“கொசு குடிக்கற அளவுதாண்ணே குடிக்குது. இதுக்கெல்லாம் பேட்டரி சாவாது. வேணும்னா ராத்திரி இங்கயே வுட்டுட்டுப் போங்க.”

கடை வாசல் சமதளம். முட்டு எதற்கு? கியரில் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். ஞாயிறு பூசை முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் முதல் திருப்பில் வண்டி சிங்கம் மாதிரி உறுமியது.

“வண்டில ஒரு கோளாறும் இல்ல” என்றாள் ஜெபசெல்வி. “உங்க ஊருலதான் இன்னாவோ கீது.”

திங்கட்கிழமை காலை, கோட்டைக்குப்பம் கரை: “டிக்.”

பால்ராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொன்னேரியில் நோயில்லை, இங்கே நோய். அப்படியென்றால் வண்டிக்கு ஒன்றுமில்லை. ஏரிதான் குடிக்கிறது! அந்தப் பரந்த தண்ணீரைப் பார்த்தான். காலை வெயிலில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பளபளத்தது. இத்தனை வருஷம் இதில் மீன் பிடித்திருக்கிறான். இது கரண்ட் குடிக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லையே.

“ஏரி குடிக்குதா? தண்ணியப் போட்டுட்டுப் பேசறியா?” என்றாள் பிலோமினா. “எவனோ வந்து ஒயரு மாட்டித் திருடறான். காவலுக்குப் படு.”

அன்று ராத்திரி டிரைவர் சீட்டில் துடுப்பு முட்டுக் கொடுத்திருந்ததால், பக்கத்து சீட்டில் போர்வையோடு உட்கார்ந்தான். ஒருவரும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் வந்து டயரை விசாரித்துவிட்டுப் போனது. எப்போதோ கண் செருகும்போது கண்ணாடியில் பார்த்தான். பின்னால் தண்ணீரின்மேல் மங்கலாக ஒரு செந்நிறம் படர்ந்திருந்தது. இந்த நேரத்தில் இப்படி ஒரு நிறமா, நிலா ஏதும் எழும்புகிறதோ, ஆண்டவரே உம் படைப்பே படைப்பு என்று சிலுவை போட்டுக்கொண்டு தூங்கிப்போனான்.

காலை: “டிக்.”

யாரும் வராமல், எதையும் தொடாமல், தான் பக்கத்திலேயே இருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது! அன்றைக்கு ஆறு ஐம்பத்தொன்பதுக்குக் கேட்டைத் தொட்டான். வித்யா பேனா மூடியைத் திறந்து, மணியைப் பார்த்து, திரும்ப மூடினாள்.

“அண்ணா, சிவசங்கர் தெனம் போன் பண்றாரு. நாளைக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் என் கையில ஒண்ணும் இல்ல.”

அன்று சாயங்காலம் பால்ராஜ் கடைசி ஆயுதத்தை எடுத்தான். வழக்கம்போல வண்டியை நிறுத்தி, துடுப்பை முட்டுக் கொடுத்து, பேட்டரியையே கழற்றி, பிலோமினாவை ஒரு கை பிடிக்கச் சொல்லித் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். ஏரி குடிக்கட்டும், பேய் குடிக்கட்டும், சுவர் தாண்டி வந்து குடிக்கட்டும் பார்க்கலாம்.

“அத எங்க வெக்கப் போற?” என்றாள் பிலோமினா.

“பாய் பக்கத்துல.”

“எனக்கும் உனக்கும் நடுவுலயா?”

“ஒரு நாளு பொறுத்துக்கோ பிலோ. இது நம்ம சோறு.” சொல்லிவிட்டு அதற்கு ஒரு துண்டைப் போர்த்தினான். வெளியே தைப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். பேட்டரிக்குச் சளி பிடித்துவிடக் கூடாது.

காலை ஐந்து மணிக்குப் பேட்டரியை மாட்டி, பின் டயருக்குத் தற்காலிகமாக ஒரு கல்லை வைத்து, துடுப்பை எடுத்துவிட்டு, கிளட்சை மிதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

வண்டி ஒரே உதறலில் கிளம்பியது! பாதித் திருப்பில்! சீட்டு நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது, பால்ராஜின் கன்னம் நடுங்கியது. இறங்கி ஓடிப்போய் முன்னால் நின்று, ஓடுகிற இன்ஜினைக் கும்பிட்டான்.

“பிலோ! ஓடுது பாரு! தள்ளவே வேணாம்!”

“தள்றதுக்குத்தான் ஆளக் காணோமே” என்றாள் பிலோமினா.

அப்போதுதான் பார்த்தான். கரையில் ஒரு படகும் இல்லை.

நாலரைக்கெல்லாம் வந்துவிடுகிற படகுகள். கரை நெடுகப் பெண்கள் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பனி ஏரியை அப்படியே விழுங்கியிருந்தது. கலங்கரை விளக்கம் இருந்த திசையில்கூட வெறும் வெள்ளைதான். மாணிக்கத்தின் மனைவி சூசையம்மாள் ஈர மணலில் முட்டி போட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“போன் போட்டியா?” என்றான் பால்ராஜ், குரல் இறங்கி.

“அங்க ஏதுய்யா டவரு?” பிலோமினாவின் கண் பனியைவிட்டு நகரவில்லை. “மனோஜு ஸ்வெட்டரு கூட எடுத்துகினு போவல.”

ஐப்பசிப் பெருமழையில் முகத்துவாரம் மணல் மூடி, குப்பத்துக் கரைக்கு நேர் எதிரே வேறு இடத்தில் வாய் திறந்ததிலிருந்து எல்லோருக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தது. புது வழி குறுகல். இரண்டு பக்கமும் மணல்திட்டு. மழை முடிந்த வாரத்திலேயே பக்கத்துக் குப்பத்துப் படகு ஒன்று திட்டில் மோதிக் கவிழ்ந்தது. கோட்டைக்குப்பத்துப் படகுகள் மட்டும் மூன்று மாதமாகக் கும்மிருட்டிலும் கோடு போட்ட மாதிரி வந்து சேர்ந்துகொண்டிருந்தன. எப்படி என்று கேட்டால் மாணிக்கம் வானத்தைப் பார்ப்பார். கரை சேர்க்கிறது எதுவோ, அதைப் பேர் சொல்லிப் பேசினால் பலிக்காது என்பது அவர் கட்சி.

ஐந்தரை. ஐந்தே முக்கால். வண்டி தன்பாட்டுக்கு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இப்போது பால்ராஜுக்கு நாராசமாக இருந்தது. கேட் மூடட்டும், லோடு சிவசங்கருக்கே போகட்டும், அந்தப் பதினைந்து பேரும் வந்தால் போதும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டான். தினமும் முகம் சுளிக்காமல் தோள் கொடுத்த ஆட்கள்.

பையில் போன் அடித்தது. பதறி எடுத்தான். ஜெபசெல்வி.

“அண்ணே, ராத்திரி பூரா தூக்கம் வரல. உங்க வண்டி ஞாபகமாவே கீது. என் கடையில கியருல போட்டு நிறுத்தினீங்க. ஊருல எப்பிடி நிறுத்துவீங்க? அந்த ஹேண்ட் பிரேக்கு தொளதொளன்னு தொங்குதே?”

“அது அறுந்து மூணு மாசமாச்சும்மா. நான் துடுப்ப முட்டுக் குடுத்துடுவேன். அதெல்லாம் வண்டி நகராது.”

“எதுக்கு முட்டுக் குடுப்பீங்க?”

“பிரேக் பெடலுக்கு.”

அந்தப் பக்கம் ஜெபசெல்வி நெற்றியில் அடித்துக்கொள்வது கேட்டது.

“அண்ணே… பிரேக்க மிதிச்சா வண்டிக்குப் பின்னாடி இன்னா எரியும்?”

“செவப்பு லைட்டு எரியும்.”

“சாவி இல்லன்னாலும் எரியும்ணே! நீங்க ஊட்டுல தூங்கறீங்க, உங்க துடுப்பு மூணு மாசமா ராவெல்லாம் பிரேக்க மிதிச்சுகினு குந்தினு கீது! கையில வெண்ணெய வெச்சுகினு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்களே!”

பால்ராஜ் போனைப் பையில் போடவில்லை, அது தானாக விழுந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது மனுஷனுக்கு மட்டுமா? ஓட்டுகிறவனுக்கு வண்டியின் முதுகும் தெரியாது. சாயங்கால வெயிலில் எரிந்தது கண்ணுக்குப் படவில்லை. விடிவதற்குள் பேட்டரி செத்து, விளக்கும் செத்துவிடுகிறது. நடுவில் அது எரிவதைப் பார்க்கப் பின்னால் தண்ணீரைத் தவிர யார் இருந்தார்கள்?

வண்டிக்குள் ஏறி, துடுப்பை எடுத்துப் பெடலுக்கு முட்டுக் கொடுத்தான். இறங்கி, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான்.

இரண்டு சிவப்பு விளக்குகள். பனிக்குள் இரண்டு பெரிய செம்பருத்தி பூத்த மாதிரி எரிந்தன. அந்த வெளிச்சம் தண்ணீரின்மேல் விழுந்து, இரண்டு கோடாக நீண்டு, எங்கேயோ வெள்ளைக்குள் போய் மறைந்தது. அன்று கண்ணாடியில் பார்த்து சிலுவை போட்டுக்கொண்ட அதே செந்நிறம். தன் வண்டி இவ்வளவு அழகென்று பால்ராஜுக்கு இத்தனை நாள் தெரியாது.

“யப்பா!” என்றான்.

பிலோமினா வந்து பார்த்தாள். விஷயம் புரிந்ததும், அந்தக் கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. “பாவி மனுசா! இதுக்காய்யா ஹார்ன கழட்டின? இதுக்காய்யா எருமை கிட்ட வாயால பாம்பாம்னு…” சிரித்துக்கொண்டே அழுதாள். “லைட்ட வுடு. என் தம்பி எங்க கீறான்னு பாரு.”

துடுப்பை எடுத்துவிட வண்டிக்குள் கை நீட்டினான்.

“இருங்க!” சூசையம்மாள் ஜெபமாலையோடு எழுந்து நின்றாள். “இன்னாமோ கேக்குது.”

பனிக்குள் எங்கேயோ, மிகத் தொலைவில், ஒரு மோட்டார் இருமியது. பிறகு இன்னொன்று. பிறகு நிறைய. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். சிவப்புக் கோடு மறைந்துபோன அந்த இடத்திலிருந்து, அந்தக் கோட்டின்மேலேயே, ஒரு படகின் மூக்கு வெளியே வந்தது. அதன் பின்னால் அடுத்தது. ஐந்து படகும் கயிறு கட்டி இழுத்த மாதிரி, ஒரே வரிசையில், நேராக வண்டியின் முதுகைப் பார்த்து வந்தன. பால்ராஜின் கை நீட்டியபடியே நின்றது.

மனோஜ் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிலோமினா அவன் தலையில் ஒரு அறை விட்டு, அப்படியே கட்டிக்கொண்டாள்.

“வழி தெரியலக்கா. பனியில எது திட்டு, எது வழின்னே புரியல. வெளியவே நங்கூரத்தப் போட்டுகினு குந்திகினு இருந்தோம்.”

ஆட்கள் எல்லோரும் வந்து சேர்ந்தாகிவிட்டது. எண்ணிப் பார்த்தார்கள், பதினைந்து. மணி ஆறு. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, தள்ள வேண்டாம், இப்போது ஏற்றினால்கூட ஏழுக்குள் கேட்டைத் தொட்டுவிடலாம். பெட்டியைத் தூக்கப் பால்ராஜ் ஓடினான்.

குறுக்கே மாணிக்கம் வந்து நின்றார். நனைந்த துண்டு தோளில். கண் சிவந்திருந்தது. ஒரு பீடி கேட்பார் என்று நினைத்தான். ஆனால் அந்த மனுஷர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு உண்டான வார்த்தையை ஒரே மூச்சில் செலவழித்தார்:

“மூணு மாசமா எங்களுக்காவ ராவெல்லாம் வெளக்கு எரிய வுட்டு வழி காமிச்சியே, நாங்களும் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு வாய மூடிகினு தெனம் உன் வண்டியத் தள்ளினோமே நைனா, நேத்து ஒரே ஒரு நாளு அணைச்சுப்புட்டியே, எங்க மேல இன்னா கோவம் உனக்கு?”